எண்ணெயில் மூழ்கிய குடமிளகாய் ஜாடியை வெளியில் வைக்காதீர்கள்

போன வாரம் வகுப்புக்கு வந்த ஒருவர் பையிலிருந்து ஒரு கண்ணாடி ஜாடியை எடுத்து மேசைமேல் வைத்தார். சுட்டுத் தோலுரித்த சிவப்புக் குடமிளகாய், நடுநடுவே முழுப் பூண்டுப் பற்கள், அதற்கும் மேலே இரண்டு விரல் உயரத்துக்கு ஆலிவ் எண்ணெய். "பத்து நாளாச்சு மேடம், அடுப்பு மேடையிலேயேதான் இருக்கு, கெடவே இல்லை, இன்னைக்கு பாஸ்தாவுல இதைத்தான் போடணும்" என்றார். ஜாடியைச் சாய்த்துப் பார்த்தேன். பூண்டின் ஓரத்திலிருந்து பொடிப்பொடியாகக் குமிழ்கள் கிளம்பி மேலேறின. மூடியைத் திறக்கவே விடவில்லை, அப்படியே பையில் கட்டிக் குப்பையில் போட வைத்தேன். உணவுப் பாதுகாப்பு வகுப்பு எடுக்கும் நான் இந்த வருடம் பார்க்கும் நான்காவது ஜாடி இது.

எல்லாரும் சொல்லும் பதில் ஒன்றுதான்: "எண்ணெய்ல மூழ்கியிருந்தா காத்து படாது, அதனால கெடாது." காற்று படாது என்பது சரி. ஆபத்தே அங்கேதான் இருக்கிறது! பூஞ்சைக்குக் காற்று வேண்டும், கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியாவுக்கோ காற்று ஆகாது. மண்ணில் இருக்கும் அதன் வித்துகள் (சூட்டைத் தாங்கி உறங்கிக் கிடக்கும் வடிவம்) மிளகாயோடும் பூண்டோடும் சமையலறைக்குள் வந்துவிடும். காய்க்குள் ஈரம், அதிகம் புளிப்பில்லாத சதை, அறையின் வெதுவெதுப்பு, காற்றைத் தடுக்க மேலே எண்ணெய் என்று அது வளர என்னென்ன வேண்டுமோ அத்தனையையும் நாமே ஒரே ஜாடியில் போட்டு மூடிவைக்கிறோம்.

"தீயில கருகச் சுட்டேனே" என்பார்கள். தோல்தான் கருகும். சதையில் தண்ணீர் இருக்கும்வரை உள்ளே 100 டிகிரியைத் தாண்டாது, இந்த வித்துகளை அழிக்க அழுத்தத்தோடு 121 டிகிரி வேண்டும். "பூண்டு கிருமியைக் கொல்லுமே" என்பது அடுத்தது. 1985இல் கனடாவின் வான்கூவரில் 36 பேரைப் படுக்கவைத்ததே ஃபிரிட்ஜில் வைக்காத எண்ணெய்ப் பூண்டுதான். 1977இல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஓர் உணவகத்தில், சரியாகப் பதப்படுத்தாத மிளகாயால் 59 பேர் பாதிக்கப்பட்டார்கள். "மோந்து பார்த்தேன், நல்லாத்தான் இருந்துச்சு" என்பதைக் கேட்கும்போதுதான் எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது. இந்த பாக்டீரியா வளரும்போது விடும் நச்சு இருக்கும் உணவு வாசனையிலும் ருசியிலும் மாறாமலே இருக்கலாம், துளி ருசி பார்ப்பதுகூட ஆபத்து. கண்ணளவாக ஒரு ஸ்பூன் வினிகர் ஊற்றுவதும் போதாது, புளிப்பு சதையின் உள்வரை இறங்கி, புளிப்பை அளக்கும் பிஎச் எண் 4.6க்குக் கீழே போக வேண்டும் (எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்).

பாஸ்தாவை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. வேண்டிய அன்றைக்குச் சுடுங்கள். சுட்டதும் பாத்திரத்தில் போட்டுப் பதினைந்து நிமிடம் மூடிவைத்தால் தோல் கையோடு வழுக்கி வந்துவிடும். தயவுசெய்து குழாயடியில் காட்டாதீர்கள், சுட்ட வாசனையெல்லாம் தண்ணீரோடு போய்விடும். அப்புறம் நறுக்கி, அப்போதே உரித்த பூண்டோடு எண்ணெயில் வதக்கி, பாஸ்தா வெந்த நீர் ஒரு கரண்டி ஊற்றிப் புரட்டினால் பளபளவென்று ஒட்டிக்கொள்ளும். பத்து நாள் ஊறிய எந்த ஜாடியும் இந்த ருசியைத் தராது.

மிஞ்சினால் இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குள் போக வேண்டும், 4 டிகிரி அல்லது அதற்கும் கீழே. மூடிமேல் தேதி எழுதுங்கள், நான்கு நாளுக்குள் முடியுங்கள். நிறையச் சுட்டுவிட்டீர்களா, எண்ணெய் சேர்க்காமல் பொட்டலம் பொட்டலமாக ஃபிரீசரில் வையுங்கள், எடுத்ததை ஃபிரிட்ஜுக்குள்ளேயே உருகவிடுங்கள். வெந்த பாஸ்தாவை ராத்திரி முழுக்க வெளியில் விட்டுவிட்டுக் காலையில் சூடாக்கிச் சாப்பிடுவதும் வேண்டாம். அதில் வளரும் வேறொரு பாக்டீரியாவின் நச்சு சூட்டுக்கு அழியாது.

அப்படி ஒரு ஜாடியிலிருந்து ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால் சில நாட்கள் உங்களைக் கவனித்துக்கொள்ளுங்கள். அறிகுறிகள் பெரும்பாலும் 12 முதல் 36 மணி நேரத்தில் தெரியும், பத்து நாள் கழித்தும் வரலாம். பார்வை இரண்டாகத் தெரிவது, இமை தொங்குவது, நாக்குக் குழறுவது, விழுங்க முடியாமல் போவது. காய்ச்சல் இருக்காது, நினைவு தெளிவாக இருக்கும், அதனால் சோர்வு என்று நினைத்துப் படுத்துவிடுவார்கள். படுக்காதீர்கள், உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். நச்சுமுறி மருந்து எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறதோ அவ்வளவு நல்லது. போனதும் முதல் வார்த்தையாக, எண்ணெயில் வைத்த குடமிளகாய் சாப்பிட்டேன் என்று மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.