ஸ்பா தொடங்குவோரின் கணக்கில் விடுபடும் அரை மணி நேரம்

தோல் மருத்துவர் என்பதால், ஸ்பாவுக்குச் சென்று எரிச்சலோடும் கொப்புளத்தோடும் திரும்பியவர்களையும், ஸ்பா தொடங்கும் எண்ணத்தோடு ஆலோசனை கேட்டு வருபவர்களையும் நான் சந்திப்பதுண்டு. இரண்டாம் வகையினர் கொண்டுவரும் திட்டத்தில் விளக்கின் நிறம் முதல் வரவேற்பறை நாற்காலி வரை எல்லாம் இருக்கும். ஆனால், ஒரு வாடிக்கையாளர் எழுந்து சென்ற பிறகு அடுத்தவர் வந்து படுக்கும் வரையிலான இடைவேளை மட்டும் பெரும்பாலும் இருக்காது.

ஓர் அறை, 8 மணி நேர வேலை, ஒரு மணி நேர மசாஜ், ஆகவே நாளொன்றுக்கு 8 பேர் என்றுதான் பலரும் கணக்கிடுகிறார்கள். உடல்நிலை விசாரிப்பதற்கும், உடை மாற்றுவதற்கும், விரிப்புகளை எடுத்துப் படுக்கையைத் துடைப்பதற்கும் ஆகும் நேரத்தைச் சேர்த்தால் ஒருவருக்கு ஒன்றரை மணி நேரம் வரை தேவைப்படும். அதாவது 5 பேர். வாடகையும் சம்பளமும் அந்த 5 பேரின் கட்டணத்தில் அடங்க வேண்டும். 8 பேரை நம்பிக் கட்டணம் நிர்ணயித்தவர், வரவு குறையும்போது முதலில் கைவைப்பது இந்த இடைவேளையில்தான். நாள் முழுவதும் ஓய்வின்றி அழுத்தும் தெரபிஸ்டின் கட்டைவிரல் மூட்டும் மணிக்கட்டும் பழுதாவதும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

கிருமிநாசினியைத் தெளித்தவுடன் துடைத்துவிடுவது நான் அடிக்கடி காணும் குறை. எவ்வளவு நேரம் பரப்பு ஈரமாக இருந்தால் கிருமி அழியும் என்பது புட்டியின் மேல் அச்சிடப்பட்டிருக்கும். பல மருந்துகளுக்கு அது 10 நிமிடம். கருவிகளின் கிருமியை நீக்கப் புற ஊதா விளக்குப் பெட்டியை நம்பி முதலீடு செய்பவர்களும் இருக்கிறார்கள். கருவிகளில் நிழல் விழும் மூட்டுகளுக்குள் அந்தக் கதிர் நுழையாது என்பதால், சுத்தம் செய்த கருவிகளை வைத்திருக்க மட்டுமே அது உதவும். தோலைக் கீறக்கூடிய உலோகக் கருவிகளைக் கழுவிய பின் ஆட்டோகிளேவ் என்னும் அழுத்த நீராவிக் கலனில் 121 டிகிரி செல்சியஸ் நீராவியில் 15 நிமிடமாவது வைக்க வேண்டும். எனவே ஒரே கருவித் தொகுப்பை வைத்துக்கொண்டு நாள் முழுவதையும் ஓட்ட முடியாது.

கால் ஊறவைக்கும் நீர்ச்சுழல் தொட்டிகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 2000ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் ஒரே நக அழகு நிலையத்துக்குச் சென்ற நூற்றுக்கும் மேற்பட்டோருக்குக் கால்களில் கட்டிகள் தோன்றின. காரணம், மைக்கோபாக்டீரியம் ஃபோர்ச்சூட்டம் என்னும் நுண்ணுயிரி. தொட்டியின் நீர் உறிஞ்சும் சல்லடைக்குப் பின்னால் முடியும் தோல் துகளும் சேர்ந்து, அங்கே அது பெருகியிருந்தது. வெளிப்பார்வைக்குத் தொட்டி பளபளப்பாக இருந்தாலும் பயனில்லை; சல்லடையைக் கழற்றித் தேய்க்க வேண்டும். முன்னதாகக் காலில் முடி மழித்திருந்தவர்களுக்குத் தொற்று எளிதில் ஏற்பட்டது என்பதும் அப்போது தெரியவந்தது. குழாயே இல்லாத சாதாரணத் தொட்டியை வாங்குங்கள் என்பது என் ஆலோசனை. அழகு குறைவுதான், ஆனால் கழுவுவது எளிது.

விசாரிப்புப் படிவத்தைக் கையெழுத்துக்கான சடங்காக நடத்தக் கூடாது. முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் உட்கொள்பவருக்கு, அதை நிறுத்தி 6 மாதம் ஆகும் வரை வேக்ஸிங் செய்தால் தோலே உரிந்து வரக்கூடும். ஒரு கால் மட்டும் வீங்கி வலிக்கிறது என்பவருக்கு இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்திருக்கலாம். அவரை மசாஜ் படுக்கைக்கு அன்றி மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். நீரிழிவால் பாத உணர்வு குறைந்தவர், சூடான கல் சுடுவதை உணரவே மாட்டார். 60 டிகிரி வெந்நீர் சுமார் 5 விநாடிகளில் தோலை ஆழமாகப் புண்ணாக்கிவிடும் என்பதால், கல்லின் சூட்டைக் கையால் மதிப்பிடாமல் வெப்பமானியால் அளப்பதே முறை. பெர்கமாட் என்னும் எலுமிச்சை வகைப் பழத்தோலின் நறுமண எண்ணெயைப் பூசிக்கொண்டு வெயிலில் சென்ற சிலருக்குத் தோல் கருகியதுபோல் ஆகிவிடும். இதைச் சொல்லி அனுப்ப அரை நிமிடம் போதும்.

கடைசியாகத் துண்டுகள். மசாஜ் எண்ணெய் முழுவதும் நீங்காத துண்டுகளை உலர்த்தியிலிருந்து சூடாக எடுத்துக் குவித்து வைத்தால், தாவர எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து வெளியிடும் வெப்பம் குவியலுக்குள்ளேயே தேங்கி, அது தானாகவே தீப்பற்றக்கூடும். வெந்நீரில் எண்ணெய் போகத் துவைத்து, குளிர்ந்த காற்று ஓட்டத்தோடு உலர்த்தலை முடித்து, ஆறிய பிறகே அடுக்க வேண்டும். இதற்கெல்லாம் இயந்திரமும் இடமும் வடிகாலும் தேவைப்படுவதால், வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே துவைக்கும் அறை எங்கே அமையும் என்பதைக் கட்டட உரிமையாளரிடமும் குழாய் வேலை செய்பவரிடமும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.