சுமத்ரா அலை குளச்சலுக்கு வந்த வழி

"சுமத்ரா இருப்பது கிழக்கே. எங்கள் ஊரோ மேற்குக் கரையில். நடுவில் இலங்கை வேறு. அப்புறம் எப்படி 2004 சுனாமி இங்கே வந்தது?" என்று குளச்சல் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் யூடியூபில் போட்டிருக்கும் அனிமேஷனைப் பார்த்தால் பாதி பதில் கிடைத்துவிடும்.

நிலநடுக்கம், கடல்தளம் உயர்வது, நீர் எழும்புவது எல்லாம் பள்ளிப் பாடத்திலேயே உண்டு. எனக்குப் பிடித்தது, அலை இலங்கையின் தென்முனையைத் தாண்டும் அந்தச் சில நொடிகள். மேற்கே போய்க்கொண்டிருந்த அலை வடக்கே மடங்கி, குமரி முனையைச் சுற்றி ஏறுகிறது.

மடக்குவது ஆழம். புவியீர்ப்பு முடுக்கத்தை ஆழத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் சுனாமியின் வேகம் வந்துவிடும். 4,000 மீட்டர் ஆழத்தில் மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல். 100 மீட்டரில் சுமார் 110. 10 மீட்டரில் வெறும் 36. அலையின் கரைப்பக்க முனை ஆழம் குறைந்து தயங்க, ஆழ்கடல் பக்க முனை பாய்ந்து ஓடுகிறது. ஒரு பக்கத் துடுப்பை நிறுத்தினால் வள்ளம் அந்தப் பக்கமே திரும்புமே, அப்படித்தான். தீவின் விளிம்பில் அலை தானாக விரிவதும் சேர்ந்துகொண்டது. குளச்சலுக்கும் கொட்டில்பாட்டுக்கும் மணக்குடிக்கும் இலங்கையின் மறைவு உதவவில்லை.

அந்த அனிமேஷன் ஓவியர் வரைந்த படமல்ல. கடலைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றின் ஆழத்தையும் கொடுத்து, நீர்மட்டம் அடுத்து எங்கே நிற்கும் என்று கணினி போட்ட கணக்கு. ஆனால் நிறங்களைப் பார்த்து நடுக்கடலில் மலைபோல் அலை எழுந்ததாக நினைக்க வேண்டாம். ஜேசன்-1 செயற்கைக்கோள் அங்கே அளந்தது சுமார் 60 சென்டிமீட்டர்தான். ஆழ்கடலில் தொழிலுக்குப் போனவருக்கு வள்ளத்தின் அடியில் அது போனதே தெரிந்திருக்காது.

கடல்தாயின் கோபம் என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. பிள்ளையைப் பறிகொடுத்தவர் தலையில் பழியையும் ஏற்றும் பேச்சு அது. என்னால் ஏற்க முடியவில்லை. ஹைதராபாத்தில் 2007 முதல் நமக்கென்று எச்சரிக்கை மையம் இயங்குகிறது. அதற்குச் செலவிடும் அரசு, இப்படிப்பட்ட காணொளிகளை நம் கடற்கரைத் தமிழில் எடுக்கவும் கொஞ்சம் பணம் ஒதுக்க வேண்டும்.

சரி, பார்ப்பவர்கள் முதல் அலையோடு நிறுத்திவிடாதீர்கள். மாலத்தீவுப் பக்கம் மோதிய அலைகள் திரும்பி வருவதையும் பாருங்கள். முதல் அலை வடிந்ததும் கரைக்கு இறங்காதீர்கள் என்று சொல்வது இதனாலும்தான்.