சிவப்புக் கல்லுக்கு அடியில் ஒரு தங்க ரேக்கு

பழைய ஜெர்மானியப் பெண்கள் உடையில் குத்திக்கொண்ட ப்ரோச்சுகளை (ஊசி வைத்த அலங்கார நகை) பார்த்து இன்றும் நகல் செய்கிறார்கள். வட்டம் சரியாக இருக்கும், கட்டங்களும் சரியாக இருக்கும், நிறமும் சிவப்புதான். ஆனாலும் பல நகல்கள் களையே இல்லாமல் கிடக்கும். கோளாறு பெரும்பாலும் கல்லுக்கு அடியில்.

அசலுக்கு கிங்ஸ்டன் ப்ரோச்சைப் பார்க்கலாம். இங்கிலாந்தின் கென்ட் பகுதியில், ஒரு பெண்ணின் புதைகுழியிலிருந்து 1771-இல் பிரையன் ஃபாசெட் என்ற பாதிரியார் எடுத்தது. இங்கிலாந்தில் குடியேறிய ஜெர்மானியரான ஆங்கிலோ-சாக்சன்களின் வேலை, 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தது. இப்போது லிவர்பூல் நகரின் வேர்ல்ட் மியூசியத்தில் இருக்கிறது. குறுக்களவு எட்டரை சென்டிமீட்டர் போல. மெல்லிய தங்கப் பட்டைகளைச் சுவர் மாதிரி நிற்கவைத்துப் பற்றவைத்து, நூற்றுக்கணக்கான குட்டி அறைகள் கட்டியிருக்கிறார்கள். பல அறைகளில் அதனதன் வடிவத்துக்கே அறுத்த கார்னெட் சில்லு.

கார்னெட் என்றால் நம் கோமேதகத்தின் உறவுக்காரக் கல். இரும்பு சேர்ந்த அடர்சிவப்பு வகை இது. தடிமனாக விட்டால் கறுத்துத் தெரியும். அதனால் ஏறக்குறைய 1 மில்லிமீட்டருக்கு இழைத்தார்கள். (இன்னொரு ஜெர்மானிய இனமான ஃபிராங்கு மக்களின் 5, 6ஆம் நூற்றாண்டு நகைகளிலிருந்த கார்னெட் கற்களை லூவர் அருங்காட்சியகத்தின் துகள் முடுக்கியில் சோதித்தபோது, அவற்றில் பெரும்பகுதி இந்தியாவிலும் இலங்கையிலும் கிடைத்த கற்கள் என்று தெரிந்தது. அந்தக் காலத்தில் என்ன தூரம்!)

மெலிந்த கல்லானாலும், உள்ளே போன ஒளி திரும்பி வந்தால்தான் சிவப்பு எரியும். அடியில் வழவழப்பான தகடு வைத்தால் ஒளி ஒரு கோணத்தில் மட்டும் பளிச்சென்று அடித்துவிட்டு அணைந்துவிடும். அந்தப் பொற்கொல்லர்கள் தங்க ரேக்கை, அதாவது தாள்போல மெலிந்த தங்கத் தகட்டை, அச்சில் அழுத்தி, அதில் குறுக்கும் நெடுக்குமாக நுண்ணிய கோடுகள் எடுத்தார்கள். ஒரு மில்லிமீட்டருக்குள் மூன்று நான்கு. ஒவ்வொரு கட்டத்தின் சரிவுகளும் வெவ்வேறு திசையில் ஒளியைத் திருப்புகின்றன. நகை எப்படி அசைந்தாலும் ஏதாவது ஒரு சரிவு உங்கள் கண்ணுக்கு நேராக வரும். தங்கம் நீலத்தை விழுங்கிச் சிவப்பை நன்றாகத் திருப்பும் உலோகம் என்பது கூடுதல் லாபம். போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை என ஒளி கல்லை இருமுறை கடப்பதால் நிறமும் ஆழமாகிறது.

வீட்டிலேயே பார்க்கலாம். சாக்லேட் சுற்றிவரும் ஜிகினாத் தாளில் ஒரு துண்டை நீவி வழவழப்பாக்குங்கள். இன்னொன்றை டீ வடிகட்டியின் வலைமேல் வைத்து விரலால் தேய்த்து அச்செடுங்கள். இரண்டின் மேலும் சிவப்பு செலோபேன் (கண்ணாடித் தாள்) போட்டு, விளக்கடியில் மெல்லச் சாயுங்கள். முதலாவது ஒரு தடவை மின்னி மங்கிப்போகும். இரண்டாவது நெடுக மினுங்கிக்கொண்டே இருக்கும்.

மலிவான நகலில் மொத்தத்தையும் அச்சில் வார்த்து, குழிகளில் ஒளி புகாத சிவப்பு எனாமலை ஊற்றிவிடுகிறார்கள். அங்கே ஒளிக்கு உள்ளே போகவே வழியில்லை. கண்ணாடிச் சில்லு பதித்தால்கூடப் பரவாயில்லை என்பேன், அடியில் வரிபோட்ட ரேக்கு இருக்கும் பட்சத்தில். வாங்குமுன் மொபைல் டார்ச்சைச் சாய்வாக அடித்து, லென்ஸ் வழியே உற்றுப் பாருங்கள். சிவப்புக்குள் வலைபோல மெல்லிய கட்டங்கள் தெரிந்தால், செய்தவர் அசலைக் கூர்ந்து பார்த்தவர்.