இன்சுலின் பம்ப் தானாக ஓடினாலும் நீங்கள் பார்க்க வேண்டியவை

“பம்ப் மாட்டியாச்சு, இனி அதுவே பார்த்துக்கும்” என்ற பேச்சு பாதிதான் உண்மை. 2016-இல் அமெரிக்காவில் மினிமெட் 670ஜி என்ற தானியங்கி இன்சுலின் பம்ப் அனுமதி பெற்ற நாளிலிருந்து இந்தக் கருவிகள் எவ்வளவோ தேறிவிட்டன. அதே வரிசையில் பின்னால் வந்த 780ஜி-யை எடுத்துக்கொண்டால், தோலில் ஒட்டிய சென்சார் 5 நிமிடத்துக்கு ஒருமுறை சர்க்கரை அளவை அனுப்பும். பம்ப் அதைப் பார்த்து இன்சுலினைக் கூட்டும், குறைக்கும், நிறுத்தும். இலக்கை 100, 110, 120 மி.கி. என மூன்றில் ஒன்றாக வைக்கலாம். ஆனால் நீங்கள் சாப்பிடப்போவது அதற்குத் தெரியாது. மாவுச்சத்து எத்தனை கிராம் என்று சொல்லி, சாப்பாட்டுக்கு 10–15 நிமிடம் முன்பே போலஸ் (ஒரே தடவையில் போடும் இன்சுலின்) கொடுக்க வேண்டும்.

சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து நினைவுக்கு வந்தால் முழு போலஸையும் போடாதீர்கள். சர்க்கரை ஏறுவதைக் கண்டு பம்ப் அதற்குள் இன்சுலினைக் கூட்டியிருக்கும். இரண்டும் சேர்ந்தால் தாழ்சர்க்கரைதான்.

உண்மையான ஆபத்து கேனுலாவில், அதாவது தோலுக்கடியில் இன்சுலினை இறக்கும் மெல்லிய குழாயில் இருக்கிறது. பம்ப்பில் ஓடுவது விரைவாக வேலைசெய்யும் இன்சுலின் மட்டுமே; நாள் முழுக்க நிற்கும் இன்சுலின் உடம்பில் கிடையாது. கேனுலா மடங்கினாலோ, வியர்வையில் பிளாஸ்டர் கழன்று வெளியே வந்தாலோ, சில மணி நேரத்திலேயே கீட்டோன் (இன்சுலின் இல்லாதபோது உடம்பு கொழுப்பை எரிப்பதால் ரத்தத்தில் சேரும் அமிலம்) ஏறத் தொடங்கிவிடும். அடைப்பு இருந்தால் பம்ப் அலாரம் அடிக்கும். கேனுலா கழன்று இன்சுலின் சட்டையில் வழிந்தால் அடிக்காது! பம்ப்பைப் பொறுத்தவரை இன்சுலின் போய்க்கொண்டுதான் இருக்கிறது.

ஆகவே காரணமில்லாமல் சர்க்கரை 250-ஐத் தாண்டினால் முதலில் விரலில் குத்திப் பாருங்கள், பிறகு ரத்தக் கீட்டோன். கீட்டோன் 0.6 மில்லிமோலுக்குக் கீழே என்றால் பம்ப் வழியாகத் திருத்த போலஸ் கொடுத்து ஒரு மணி நேரத்தில் மறுபடி பாருங்கள். சர்க்கரை இறங்கவில்லையென்றால் செட்டை (கேனுலாவும் அதைப் பம்ப்போடு இணைக்கும் குழாயும்) மாற்றுங்கள். 0.6-க்கு மேல் என்றால் பம்ப்பை நம்ப வேண்டாம்: திருத்த டோஸை இன்சுலின் பேனாவில் போட்டு, செட்டை வேறு இடத்தில் மாற்றி, தண்ணீர் நிறையக் குடியுங்கள். 1.5-ஐத் தாண்டினால் உடனே மருத்துவரை அழையுங்கள். 3 ஆனாலோ, வாந்தி வந்தாலோ அவசர சிகிச்சைப் பிரிவுதான். பேனாவில் போட்டது பம்ப்பின் கணக்கில் சேராது. அதனால் தானியங்கி முறையை எவ்வளவு நேரம் அணைத்துவைப்பது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

சாதாரண செட்டை 2–3 நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். படுக்கப்போகும் நேரத்தில் மாற்றவே கூடாது; காலையில் மாற்றினால், இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்து, இன்சுலின் சரியாக இறங்குகிறதா என்று தெரிந்துகொள்ளலாம். ஒரே இடத்தில் குத்திக் குத்திக் கட்டியாகிப்போன தோலில் இன்சுலின் ஒழுங்காக ஏறாது.

தாழ்சர்க்கரைக்கு 15 கிராம் சர்க்கரை என்பது ஊசிக்காரர்களின் பழைய கணக்கு. பம்ப் ஏற்கெனவே இன்சுலினை நிறுத்தியிருப்பதால் பெரும்பாலும் 5–10 கிராம் போதும். 15 நிமிடம் கழித்து விரலில் பார்த்து, தேவையென்றால் இன்னும் கொடுக்கலாம். சென்சார் மேலேயே படுத்துத் தூங்கினாலும் போலியாகக் குறைந்து காட்டும், அதையும் நினைவில் வையுங்கள்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போடும்போது கவனம் தேவை. 780ஜி-யின் கார்டியன் சென்சார் அப்போது உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும். பம்ப் அதை நம்பித் தேவைக்கு மேல் இன்சுலின் கொடுத்துவிடும். தானியங்கி முறையை நிறுத்தி, விரல் சோதனையை வைத்தே முடிவெடுங்கள். எம்ஆர்ஐ அறைக்குப் பம்ப், சென்சார் இரண்டும் போகக்கூடாது. கழற்றிவைப்பது ஒரு மணி நேரத்துக்கு மேல் நீளும் என்றால் மாற்று இன்சுலினுக்கு முன்பே ஏற்பாடு செய்ய வேண்டும்.

சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்த இன்சுலின் வீண். வெளியூர்ப் பையில் பேனா, ஊசிமுனை, குளுக்கோமீட்டர், கீட்டோன் ஸ்ட்ரிப், இரண்டு செட், பம்ப்புக்கு ஒரு பென்டார்ச் (AA) பேட்டரி இருக்கட்டும். பேசல் (நாள் முழுக்கப் பம்ப் சிறிது சிறிதாகக் கொடுக்கும் இன்சுலின்) அளவுகளையும், பம்ப் முழுதாகப் பழுதானால் போடவேண்டிய நீண்டநேர இன்சுலின் அளவையும் தாளில் எழுதி அதே பையில் வையுங்கள். பம்ப் அணைந்துபோனால் அந்த எண்களை அதன் திரையில் பார்க்க முடியாது.