சைலன்சர் மாற்றிய பைக் ஏன் வெடிக்கிறது?

நிலாவெளியிலிருந்து ஒரு தம்பி தன்னுடைய பல்சர் 150-ஐ எங்கள் கராஜுக்குக் கொண்டுவந்தான். புதுச் சைலன்சர் போட்டு இரண்டு கிழமை. அக்சிலேட்டரைக் கூட்டும்போது சத்தம் நன்றாகத்தான் இருக்கிறது, விட்டதும் பின்னால் சீனவெடி கட்டிவிட்ட மாதிரிப் பட் பட் என்று வெடிக்கிறது. போதாததற்கு முதல் இரண்டு கியரிலும் முன்பிருந்த இழுவை இல்லை. "அண்ணா, வேற இடத்தில காட்டினனான், ஜெட் மாத்தித் தந்தவங்கள், ஆனா வெடி நிக்கேல்ல" என்றான். ஜெட் என்பது, காற்றோடு பெற்றோலைக் கலக்கிற காபரேட்டருக்குள் பெற்றோலின் அளவைத் தீர்மானிக்கிற சின்னத் துளை. வெடி நிற்காதது மட்டுமில்லை, வண்டி பெற்றோலையும் கூடக் குடிக்கத் தொடங்கியிருந்தது.

இதே குறையோடு வருகிற பைக்குகள் நிறைய. சைலன்சரைப் புகை போகிற ஓட்டை என்று நினைத்துக்கொண்டு மாற்றுவதுதான் காரணம். அது எஞ்சின் மூச்சு விடுகிற வழி. விடுகிற விதம் மாறினால் இழுக்கிற விதமும் மாறிவிடும்.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? எரிந்த வாயு பிஸ்டனைக் கீழே தள்ளிக்கொண்டு வரும்போது, பிஸ்டன் அடிமட்டத்தைத் தொடுவதற்கு முன்பே எக்ஸ்சோஸ்ட் வால்வு திறந்துவிடும். அந்த நேரத்தில் சிலிண்டருக்குள் இருக்கிற அழுத்தம் வெளிக் காற்றைவிடப் பல மடங்கு. அதனால் வாயு ஒரே பாய்ச்சலாகக் குழாய்க்குள் பாய்கிறது, அதற்கு முன்னால் ஓர் அழுத்த அலை ஓடுகிறது. சாதாரணக் காற்றில் ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 345 மீற்றர் போகும். குழாய்க்குள் இருக்கிற சூட்டில் அது 550 மீற்றரைத் தாண்டும்.

அந்த அலை குழாயின் திறந்த முனைக்கோ, குழாய் சட்டென்று அகலமாகிற இடத்துக்கோ வந்ததும் ஒரு பகுதி திரும்பி வருகிறது. போகும்போது தள்ளிக்கொண்டு போன அலை, வரும்போது இழுக்கிற அலையாக வருகிறது. திருவிழா நாளில் கோணேசர் கோயிலுக்குப் போய்விட்டுப் பிரட்ரிக் கோட்டை வாசலால் வெளியே வந்திருக்கிறீர்களா? ஒடுங்கிய வாசலுக்குள் சனம் நெருக்கியடித்துக்கொண்டு வரும். வெளியே வந்ததும் முன்னால் இருப்பவர்கள் பரந்துபோவார்கள், உடனே அவர்களுக்குப் பின்னால் ஓர் இடைவெளி விழும், அதை நிரப்ப அடுத்த வரிசை நகரும், இடைவெளி இன்னொரு வரிசை பின்னுக்குப் போகும். சனம் முன்னோக்கி வருகிறது, இடைவெளி மட்டும் கோட்டைக்குள் பின்னோக்கிப் போகிறது. குழாய்க்குள்ளும் அதுதான்.

இந்த இழுவை அலை சரியான நேரத்தில் வால்வுக்குத் திரும்பி வந்தால், மிச்சமிருக்கிற எரிந்த வாயுவை உறிஞ்சி எடுத்து, காற்றும் பெற்றோலும் சேர்ந்த புதுக் கலவையையும் உள்ளே இழுத்துவிடும், ஏனென்றால் அந்த ஒரு கணத்தில் எக்ஸ்சோஸ்ட் வால்வு, கலவை உள்ளே வருகிற வால்வு இரண்டும் திறந்திருக்கும். நேரம் தப்பினால் எரிந்த வாயு உள்ளேயே தங்கிவிடும். கணக்குப் பார்ப்போம். எஞ்சின் நிமிடத்துக்கு 8000 சுற்றில் ஓடும்போது ஒரு சுற்றுக்கு 7.5 மில்லிசெக்கன். எக்ஸ்சோஸ்ட் வால்வு திறந்ததிலிருந்து இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கிற கணம் வரைக்கும் அரைச் சுற்றுக்குக் கொஞ்சம் கூட, அதாவது ஏறக்குறைய 4 மில்லிசெக்கன். செக்கனுக்கு 550 மீற்றர் வேகத்தில் அந்த நேரத்துக்குள் அலை 2.2 மீற்றர் ஓடும். போகவும் வரவும் சேர்த்துத்தான் இந்தத் தூரம், ஆகவே குழாய் 1.1 மீற்றர் இருந்தால் பொருந்தும். 4000 சுற்றில் நேரம் இரட்டிப்பு, அப்போது 2.2 மீற்றர்க் குழாய் வேண்டும். அவ்வளவு நீளக் குழாயைப் பைக்கில் எங்கே வைப்பது? அதனால்தான் கம்பெனிக்காரர்கள் அறைகளும் வளைவுகளும் வைத்து அலையைப் பல இடங்களில் திருப்புகிறார்கள். பல்சரின் வளைவுக் குழாயில் சின்னப் பானை மாதிரி ஒரு புடைப்பு இருக்கிறதே, எக்ஸ்சாஸ்டெக் என்று பஜாஜ் பெயர் வைத்தது, அது குறைந்த சுற்றில் இழுவையைக் கூட்டுவதற்காகவே வைத்தது. குழாயோடு அதையும் கழற்றி எறிந்துவிட்டு, முதல் கியரில் இழுவை போய்விட்டது என்றால் வேறென்ன ஆகும்?

"பின்னழுத்தம் இல்லாவிட்டால் எஞ்சின் இழுக்காது" என்று ஒரு பேச்சு எல்லாக் கராஜிலும் இருக்கிறது. பார்த்தது சரி, சொல்லும் காரணம் பிழை. எந்த எஞ்சினுக்கும் பின்னால் அடைப்பு தேவையில்லை. தேவைப்படுவது வாயுவின் வேகமும் அலையின் நேரமும்தான். அளவுக்கு மீறி அகலமான குழாய் போட்டால் குறைந்த சுற்றில் வாயு சோம்பிப்போகும், அலையும் நேரம் தப்பி வரும்.

சத்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் 3000 சுற்றில் செக்கனுக்கு 25 தடவை வெடிக்கிறது, அதுதான் அந்தக் கனத்த குரல். புதுச் சைலன்சர்கள் பலவற்றில் துளை போட்ட குழாயைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சுதான் அடைத்திருக்கும். பஞ்சு கீச்சுச் சத்தத்தை நன்றாக விழுங்கும், இந்தத் தாழ்ந்த சத்தத்தை அவ்வளவாக விழுங்காது. அதைக் குறைப்பது பழைய சைலன்சருக்குள் இருக்கிற அறைகள். பஞ்சு காலம் போகப் போக எரிந்து பறந்துவிடும். ஆறேழு மாதத்தில் குரல் தகரச் சத்தமாக மாறினால் பஞ்சை மாற்றுங்கள். ஆஸ்பத்திரி பக்கமும் பள்ளிக்கூடப் பக்கமும் ஓடுகிற வண்டி என்பதையும் நினையுங்கள், பொலிஸ் பிடித்தால் நியாயம் சொல்லவும் முடியாது.

இப்போது வெடிக்கு வருவோம். அக்சிலேட்டரை விட்டதும் சிலிண்டருக்குள் காற்றும் பெற்றோலும் குறைந்துபோய், கலவை சில சுற்றுகளில் சரியாகப் பற்றாது. பற்றாத பெற்றோல் ஆவி அப்படியே சூடான குழாய்க்குள் போகிறது. பெற்றோல் இருக்கிறது, சூடு இருக்கிறது, வெடிக்கப் போதுமான காற்று மட்டும் இல்லை. அந்தக் காற்று பெரும்பாலும் எஞ்சினும் குழாயும் சேர்கிற மூட்டால்தான் வருகிறது. "லீக் இருந்தால் வாயு வெளியேதானே போகும், காற்று எப்படி உள்ளே வரும்?" என்று கேட்பார்கள். அந்த இழுவை அலையை நினைத்துப் பாருங்கள். இரண்டு வெடிப்புகளுக்கு நடுவில் குழாயின் அழுத்தம் வெளிக் காற்றைவிடக் கீழே இறங்குகிறது, அந்தக் கணத்தில் லீக் உள்ளே உறிஞ்சும். ஒரே ஓட்டை ஊதவும் செய்யும், உறிஞ்சவும் செய்யும். பல வண்டிகளில் புகையைச் சுத்தமாக்க எக்ஸ்சோஸ்ட் வாய்க்குக் காற்று விடுகிற ஒரு சின்ன ஹோஸும் உண்டு, புதுச் சைலன்சரில் அதனாலும் மெல்லிய வெடி வரும். அதை அடைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், நான் செய்வதில்லை. இலங்கையில் 2008 முதல் வாகனப் புகைப் பரிசோதனை இருக்கிறது, அது ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தப் புகையை நாமும்தான் சுவாசிக்கிறோம்.

அதனால் வெடிச் சத்தம் கேட்டதும் காபரேட்டரைத் தொடாதீர்கள், முதலில் மூட்டைப் பாருங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது சோப்புத் தண்ணீரை மூட்டைச் சுற்றி விட்டு ஸ்டார்ட் பண்ணினால் குமிழி வரும். அதற்கு முன்பே கரி காட்டிக்கொடுத்துவிடும். அந்தத் தம்பியின் பல்சரில் குழாயை எஞ்சினோடு பூட்டுகிற தட்டான பிளான்ஞ்சின் இடது ஓரத்தில் காகச் சிறகு விரித்த மாதிரி ஒரு கரிக் கோடு. கழற்றினோம். மூட்டுக்கு நடுவில் லீக் வராமல் வைக்கிற வளையமான காஸ்கெட் புதிது, நல்லபடி இருந்தது, ஆனால் ஒரு பக்கம் மட்டும் நசுங்கியிருந்தது. டோர்ச் அடித்து எக்ஸ்சோஸ்ட் வாய்க்குள் பார்த்தால் உலோகத்தோடு உலோகமாகப் பழைய காஸ்கெட் ஒட்டிக்கொண்டிருக்கிறது! கறுத்துப்போய் எஞ்சினின் பாகம் மாதிரியே இருந்ததால் யாருடைய கண்ணிலும் படவில்லை. சைக்கிள் கம்பியின் நுனியைக் கொக்கியாக வளைத்து மெதுவாகக் கிளப்பி எடுத்தோம், துண்டு துண்டாக வந்தது.

இன்னொரு பிழையும் இருந்தது. பின்பக்க பிராக்கெட்டுக்கும் சைலன்சருக்கும் இடையில் ஒரு விரல் இடைவெளி. போல்ட்டை இறுக்கி இழுத்துப் பிடித்திருந்தார்கள். அந்த இழுப்புத்தான் முன்னால் பிளான்ஞ்சை ஒரு பக்கம் தூக்கிவிட்டது. இரும்புக் குழாய் ஒரு மீற்றர் நீளத்தில் 300 பாகை சூடேறினால் ஏறக்குறைய மூன்றரை மில்லிமீற்றர் நீளும், ஸ்டெயின்லெஸ் என்றால் 5 மில்லிமீற்றர். நீளுவதற்கு இடம் வேண்டும். அதற்குத்தான் றப்பர் புஷ்ஷும் ஸ்பிரிங் மூட்டும். இழுத்துப் பூட்டினால் காஸ்கெட் போகும் அல்லது வெல்டிங் வெடிக்கும்.

பூட்டுகிற முறை சிரமமில்லை. எல்லா நட்டையும் போல்ட்டையும் கையால் மட்டும் போட்டுக்கொண்டு, சைலன்சர் எங்கேயும் உரசாமல் தானாக எங்கே நிற்கிறதோ பாருங்கள். பிராக்கெட் பொருந்தாவிட்டால் வொஷர் வையுங்கள், குழாயை வளைக்க வேண்டாம். அப்புறம் எஞ்சின் பக்கத்திலிருந்து இறுக்கத் தொடங்கி, இரண்டு நட்டையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, கடைசியில் பிராக்கெட்டுக்குப் போங்கள். எஞ்சினிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கிற, நட்டுப் பூட்டுகிற மரைக் கம்பிதான் ஸ்டட். 6 மில்லிமீற்றர் ஸ்டட்டுக்கு 10 நியூட்டன் மீற்றர் போதும். 15 சென்றிமீற்றர் ஸ்பனரின் நுனியில் ஏறக்குறைய 7 கிலோ பாரம் வைத்த மாதிரி. அதற்கு மேல் பலம் காட்டினால் ஸ்டட் முறியும். ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் குழாயில் பட்ட கைரேகையைத் துணியில் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அந்த எண்ணெய் சூட்டில் சுட்டு நிரந்தரக் கறையாக நின்றுவிடும்.

ஸ்டட் முறிவது நம் ஊரில் பெரிய தலைவலி, உப்புக் காற்றுத்தான் காரணம். அலுமினியத் தலைக்குள் இரும்பு ஸ்டட், நடுவில் உப்பு ஈரம். இது ஒரு பற்றரி மாதிரி வேலைசெய்து அலுமினியத்தை அரித்து, அந்த வெள்ளைத் தூள் ஊதிப்போய் மரையை இறுக்கிப் பிடித்துவிடுகிறது. உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து வண்டிகளில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பலவந்தமாகத் திருப்பாதீர்கள். முதல் நாளே துருவிளக்கி எண்ணெய் விட்டு வையுங்கள். மறுநாள் ஸ்டட்டைச் சுற்றியுள்ள பகுதியைச் சூடாக்குங்கள், அலுமினியம் இரும்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும் என்பதால் பிடி தளரும். முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு நூல் திருப்பி, பிறகு தளர்த்துங்கள். திரும்பப் பூட்டும்போது மரையில் செம்புக் கிரீஸ்.

இஞ்செக்‌ஷன் பைக் (காபரேட்டருக்குப் பதிலாகக் கம்பியூட்டர் சொல்கிற அளவில் பெற்றோலைத் தெளிக்கிற வண்டி) என்றால் இதே லீக் வேறு வேஷத்தில் வரும். குழாயில் இருக்கிற ஒக்சிசன் சென்சருக்கு முன்னால் காற்று உள்ளே வந்தால், சென்சர் "பெற்றோல் குறைவு" என்று கம்பியூட்டருக்குச் சொல்லும், அது பெற்றோலைக் கூட்டும், கலவையைப் பற்றவைக்கிற பிளக் கறுக்கும். இஞ்செக்டரில் பிழையே இல்லாமல் இஞ்செக்டரை மாற்றியவர்கள் உண்டு.

தம்பியின் பல்சருக்குப் பழைய ஜெட்டையே திரும்பப் போட்டு, புது காஸ்கெட் வைத்துப் பூட்டிக் கன்னியா வரை ஓடிவிட்டு வரச்சொன்னேன். வெடி நின்றிருந்தது. பிளக்கைக் கழற்றினால் வெள்ளை வெளேரென்று. மூட்டு அடைபட்ட பிறகும் பிளக் வெள்ளையாக இருந்தால்தான் ஜெட்டைத் தொட வேண்டும், ஏனென்றால் இப்போது உண்மையிலேயே காற்று கூடிவிட்டது. ஒரு நம்பர் கூடிய மெயின் ஜெட் போட்டோம், பிளக் பால்தேத்தண்ணி நிறத்துக்கு வந்தது. முதல் கியரின் இழுவை பாதிதான் திரும்பியது, மீதி அந்தப் புடைப்போடு போய்விட்டது, அதை அவனுக்கு மறைக்காமல் சொன்னேன். அடுத்த கிழமை எஞ்சின் ஆறிய நேரத்தில் திரும்ப வந்தான், ஸ்பனரைப் போட்டுப் பார்த்தேன், காஸ்கெட் அமுங்கியதில் இரண்டு நட்டும் இன்னும் கால் சுற்று இறங்கின.