ஒயர் இல்லாமல் ட்யூப்லைட் ஏன் எரிகிறது?

"கேரளாவுக்குள்ள கம்பி மண்ணுக்கடியில போகுது, எங்க தோட்டத்துல மட்டும் ஏனுங்க கோபுரம்?" புகளூர் லைன் போன ஊர்களில் இந்தக் கேள்வி இன்னும் அடங்கவில்லை. நியாயமான கேள்வி. 2021-ல் வந்த புகளூர்–திருச்சூர் லைன் (320 கே.வி., 2,000 மெகாவாட், ஒரே திசையில் ஓடும் டி.சி. மின்சாரம்) வடக்கஞ்சேரி பக்கம் வரை கோபுரத்தில் போய், பிறகு கேபிளாகப் புதைகிறது.

பதில் ட்யூப்லைட்டில் இருக்கிறது. உயர்மின் கோபுரப் போராட்டங்களில் விவசாயிகள் திசை மாறி மாறி ஓடும் ஏ.சி. மின்சார லைனுக்கு அடியில் ட்யூப்லைட்டைத் தூக்கிப் பிடித்தார்கள். ஒயரே இல்லாமல் எரிந்தது. கம்பி ஒரு தகடு, நிலம் இன்னொரு தகடு, நடுவில் காற்று: பள்ளியில் படித்த அதே கெபாசிட்டர். ஏ.சி. விநாடிக்கு 50 சுற்று என்பதால் அது நூறு தடவை நிரம்பிக் காலியாகிறது. அந்தப் போக்குவரத்தில் ஒரு துளி ட்யூப் வழியாகவும் ஓடுகிறது.

கம்பி பல மீட்டர் உயரத்தில் இருப்பதால் இந்தக் கரண்ட் கிலோமீட்டருக்கு ஒரு ஆம்பியர்கூட வராது. கேபிளில் நடுவே செம்பு, சுற்றிலும் 25 மில்லிமீட்டர் சொச்சம் பாலிஎத்திலீன், அதற்கு வெளியே எர்த் செய்த உலோக உறை. இரண்டு தகடும் கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டன. 400 கே.வி. கேபிளில் கிலோமீட்டருக்குச் சுமார் 0.2 மைக்ரோஃபாரட். 314 (50 சுற்றை 2π-யால் பெருக்கியது) × 0.0000002 × 2,31,000 (ஒரு கம்பிக்கும் நிலத்துக்கும் இடையே உள்ள வோல்ட்) போட்டுப் பாருங்கள்: கிலோமீட்டருக்கு 14.5 ஆம்பியர். கேபிள் தாங்குவது 1,000 ஆம்பியர் என்றால், 70 கிலோமீட்டரில் தன்னை நிரப்பிக் காலிசெய்யவே அவ்வளவும் போய்விடும். பி.ஏ.பி. (பரம்பிக்குளம்–ஆழியாறு) பாசனக் கடைமடைக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. விட்ட தண்ணியை வாய்க்காலே குடித்துவிடும். இந்தக் கரண்டை ஈடுகட்டும் ரியாக்டர் சுருள்களை வழிநெடுக வைத்துச் சமாளிக்கலாம், ஒவ்வொன்றுக்கும் நிலம் வேண்டும்.

டி.சி.யில் கெபாசிட்டர் ஒரு தடவை நிரம்பும், அத்தோடு சரி.

எல்லா டி.சி.யும் இந்தக் கேபிளுக்கு ஒத்துவராது. ராய்கர்–புகளூர் 800 கே.வி. லைனும் டி.சி.தான், ஆனால் தைரிஸ்டர் என்ற மின்னணு சுவிட்சில் ஓடுகிறது. தைரிஸ்டரை ஆன் செய்யலாம். ஆஃப் ஆக ஏ.சி. கிரிட்தான் (மின் கட்டமைப்பு) கைகொடுக்க வேண்டும். மின்சாரத்தை எதிர்த்திசையில் அனுப்ப பிளஸ், மைனஸையே மாற்ற வேண்டும். அப்போது பாலிஎத்திலீனுக்குள் நாள்பட ஊறி நின்ற மின்னூட்டம் புதிய வோல்டேஜோடு சேர்ந்து இன்சுலேஷனைத் துளைத்துவிடலாம். திருச்சூர் லைனில் இருப்பது ஐ.ஜி.பி.டி. என்ற வேறு வகை சுவிட்ச்; நினைத்த கணத்தில் ஆன், ஆஃப். போலாரிட்டி அப்படியே இருக்க, கரண்ட் மட்டும் திசை மாறும்.

ஆக, திருச்சூர் லைனை நம் பக்கமும் புதைத்திருக்க முடியும். தடை பணம்தான், கேபிளுக்குச் செலவு பல மடங்கு. இன்னொன்று, மேலே இடி விழுந்தால் லைன் பெரும்பாலும் நொடியில் மீண்டுவிடும். கேபிள் ஜாயின்டில் ஈரம் இறங்கினால் தோண்டி ஒட்டவே வாரக்கணக்காகும். புகளூரிலிருந்து அரசூர், எடையர்பாளையம் போகிற 400 கே.வி. லைன்களோ ஏ.சி.; அங்கே அந்த 14.5 ஆம்பியர் குறுக்கே நிற்கும். இரண்டு வகை லைனையும் 'புதைக்க முடியாது' என்ற ஒரே பதிலில் அடக்குவது தப்பு.

இலங்கையோடு இணைக்க 2025 ஏப்ரலில் கொழும்பில் புரிந்துணர்வு ஒப்பந்தம் ஆனதும் டி.சி. லைனுக்குத்தான். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே கடல் குறுகல், கெபாசிட்டர் கணக்கை ஏ.சி.யிலேயே சமாளித்துவிடலாம். ஆனால் ஏ.சி.யில் இணைந்தால் இரண்டு கிரிட்டும் ஒரே தாளத்தில் ஆட வேண்டும். அந்த ஆண்டு பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை துணைமின் நிலையத்தில் குரங்கு புகுந்ததில் இலங்கை முழுக்க இருண்டது. தேவை குறைவு, சோலார் அதிகம், சுழல்கிற கனமான ஜெனரேட்டர்கள் கொஞ்சம்தான். அப்படிப்பட்ட கிரிட்டை இந்தியாவின் பெரிய கிரிட்டோடு டி.சி. கதவு வைத்து இணைப்பதே புத்தி. இந்தியாவுக்கும் வங்கதேசத்துக்கும் நடுவே பேராமாராவில் 2013 முதல் இருப்பதும் அப்படியொரு கதவுதான். கதவு ஐ.ஜி.பி.டி.யாக இருந்தால், செத்துக் கிடக்கும் கிரிட்டையும் தட்டி எழுப்பும்.

பல்லடம், உடுமலைக் காற்றாலை மிச்சத்தை அங்கே விற்றுவிடலாம் என்பவர்களுக்கு ஒன்று: நம் ஆடிக்காற்றுதான் இலங்கையின் மன்னாரிலும் அடிக்கிறது, அதே மாதத்தில்.