பாமினி போனால் பத்திரிகை போச்சு

கல்யாண சீசனில் எந்த டிடிபி கடைக்கும் இப்படி ஒரு பென் டிரைவ் வந்து சேரும். “அக்கா கல்யாணத்துக்கு அடிச்ச பத்திரிகைதான் அண்ணே, பேரையும் தேதியையும் மட்டும் மாத்திக் குடுங்க.” கோப்பைத் திறந்தால் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஆங்கிலச் சின்ன எழுத்துகள் வரிசை கட்டி நிற்கும். கோப்பு கெட்டுப்போகவில்லை. அந்த ஐந்து குறிகளையும் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் (ஃபாண்டில்) பார்த்தால் ‘தமிழ்’. அந்தக் கணினியில் பாமினி இல்லை, அவ்வளவுதான். சில கடைகளில் இருந்திருக்கும். ஃபாண்ட் அதிகமாகி மிஷின் இழுக்கிறது என்று யாராவது ஒருநாள் கண்ணை மூடிக்கொண்டு அழித்திருப்பார்கள்.

ஒரு நண்பரின் கடையில் இரண்டு நாள் உட்கார்ந்து அவருடைய ஃபாண்ட் குவியலைப் பிரித்துக் கொடுத்தேன். இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகளில் பாதி ஆங்கிலத்தில் மட்டும் வேலை செய்கிறவர்களுக்கானவை என்பது அப்போதுதான் புரிந்தது. கையெழுத்து மாதிரி இருப்பவை ஒரு பக்கம், தடித்தவை ஒரு பக்கம், ஒரே மாதிரி இருப்பவற்றில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிவிடு என்பார்கள். தமிழில் அப்படிச் செய்தால் பென் டிரைவ் கதைதான். ஏன் என்று தெரிய ஃபாண்ட் கோப்புக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.

அதற்குள் எழுத்துகளின் வடிவங்கள் மட்டும் இல்லை, பல அட்டவணைகளும் இருக்கின்றன. ஓர் அட்டவணையில் எழுத்துருவின் பெயர். இன்னொன்றில் ஒவ்வொரு எழுத்தின் அகலம். மற்றொன்று, எந்த எண் வந்தால் எந்த வடிவத்தைக் காட்டுவது என்ற ஜாதகம். கணினி சேமித்து வைப்பது எண்களைத்தான். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களைச் செய்தவர்கள் ஆங்கில எழுத்துகளுக்கான எண்களில் தமிழ் வடிவங்களைக் குடிவைத்தார்கள். ஒரு வடிவத்துக்கு ஒரு பைட், அதில் மொத்தம் 256 எண்களுக்குத்தான் இடம். நம் 247 எழுத்துக்கும் தனித்தனி வடிவம் வேண்டாம். ‘கா’ என்றால் க-வும் துணைக்காலும் போதும். ஆனால் கு, கூ, மு, மூ வரிசை பெரும்பாலும் அப்படிப் பிரியாது. 18 மெய்க்கு இரண்டு வீதம் 36 வடிவங்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனி இடம் கொடுத்தாக வேண்டும். எதை எங்கே வைப்பது என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டத்துக்கு முடிவு செய்தது. இலங்கையில் பாமினி, இங்கே அரசு அலுவலகங்களில் வானவில், அச்சகங்களில் ஸ்ரீலிபி என்று ஆளுக்கொரு வரிசை. 1999இல் தமிழக அரசு டேப், டேம் என இரண்டு தரங்களை அறிவித்தது. 2010இல், உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான எண் வரிசையான யூனிகோடுக்கு வந்தது. அதற்குள் எத்தனையோ வருடத்துக் கோப்புகள் பழைய வரிசைகளில் சேர்ந்துவிட்டன.

யூனிகோடில் கதை வேறு. அங்கே தமிழுக்கென்று 128 எண்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். ‘கு’ என்றால் க-வும் உகரக் குறியும் மட்டுமே சேமிப்பில் இருக்கும். இரண்டும் சேர்ந்து வந்தால் எந்த வடிவத்தை எடுப்பது என்பதை எழுத்துருவுக்குள் இருக்கும் இன்னோர் அட்டவணை சொல்லும். ‘கொ’ எழுத, பழைய முறையில் கொம்பு, க, கால் என்று கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே தட்டுவோம். யூனிகோடில் முதலில் க, பிறகு ஒகரக் குறி. கொம்பை முன்னால் தள்ளி வைப்பது கணினியின் வேலை. ஆக, பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும் இரண்டு எழுத்துருக்களின் ஜாதகம் முற்றிலும் வேறாக இருக்கலாம்.

அதனால் நான் முதலில் பிரித்தது அழகை வைத்து அல்ல, குறியீட்டை வைத்து. யூனிகோட், பாமினி, டேப், டிஸ்கி (இதுவும் ஒரு பழைய வரிசை), ஸ்ரீலிபி, மீதி எல்லாம் ‘தெரியாதது’. எது எந்த வகை என்று கண்டுபிடிக்க, ஃபாண்ட் பார்க்கும் மென்பொருளில் மாதிரி வரியாக அந்த ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளியையே கொடுத்தேன். ‘தமிழ்’ என்று வந்தால் பாமினி வகை. ஆங்கிலம் ஆங்கிலமாகவே நின்றால் யூனிகோடாக இருக்கலாம். டேப், டிஸ்கியாகவும் இருக்கலாம், ஏனென்றால் அவை ஆங்கிலத்தின் இடத்தைத் தொடாமல் மேல்பாதி எண்களில் தமிழை வைத்தவை.

சரி, யூனிகோடில் ‘தமிழ்’ என்று அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடுமே என்று தோன்றும். அதிலும் ஒரு பொறி இருக்கிறது. எழுத்துருவில் அந்த எண் இல்லாவிட்டால் விண்டோஸ் சும்மா இருக்காது, தன்னிடமுள்ள நிர்மலா போன்ற ஓர் எழுத்துருவிலிருந்து கடன் வாங்கிக் காட்டிவிடும். வெறும் ஆங்கில எழுத்துருகூட அழகாகத் தமிழ் பேசும். நாற்பது எழுத்துருக்களில் ‘தமிழ்’ அச்சு அசல் ஒரே மாதிரி தெரிந்தால் நாற்பதும் இரவல் என்று அர்த்தம். கடன் கொடுக்கவும் ஆள் இல்லாதபோது வருவதுதான் அந்தக் கட்டம் கட்டமான காட்சி. அதற்கு டோஃபு என்று பட்டப்பெயர் உண்டு. கூகுளின் நோட்டோ எழுத்துருக்களுக்குப் பெயர் வந்ததே ‘இனி டோஃபு வேண்டாம்’ என்பதிலிருந்துதான்.

அப்புறம் பெயர்க் குழப்பம். கோப்பின் பெயரை என்னவாக மாற்றினாலும் மெனுவில் தெரிவது உள்ளே எழுதியிருக்கும் பெயர்தான். உள்பெயர் ஒன்றாகவே உள்ள இரண்டு பதிப்புகள் இருந்தால் கணினி எதையாவது ஒன்றை எடுத்துக்கொள்ளும். இதில் என்ன பெரிய நஷ்டம் என்றால், அகலம். ஓர் எழுத்துச் சதுரத்தை 1000 பங்காகப் பிரித்து, சராசரி எழுத்து 500 பங்கு என்று வைத்துக்கொள்வோம். புதிய பதிப்பில் அது 505. பன்னிரண்டு பாயிண்டில் எழுத்துக்கு 0.02 மில்லிமீட்டர்தான் கூடும், கண்ணுக்கே தெரியாது. ஆனால் கணக்குப்படி ஒரு சதவீதம். 200 பக்கப் புத்தகம் இரண்டு பக்கம் வீங்கும், பொருளடக்கத்தில் போட்ட எண்கள் பல ஒத்துவராது.

ஆகவே பெயரைப் பார்த்து நகல் என்று முடிவு செய்யக் கூடாது. கோப்பின் ஒவ்வொரு பைட்டையும் சேர்த்துக் கணக்கிடும் ஹாஷ் எண் இரண்டு கோப்பிலும் ஒன்றாக இருந்தால் மட்டுமே நகல். அதைக் கண்டுபிடிக்க இலவச மென்பொருள்கள் நிறைய உண்டு. அடைப்புக்குறிக்குள் 1, 2 என்று போட்டுக்கொண்டு கிடந்தவை பெரும்பாலும் இதில் ஒழிந்தன. பெயர் ஒன்று, ஹாஷ் வேறு என்றால் இரண்டையும் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

மிஷின் இழுப்பதற்கு மருந்து, அழிப்பதல்ல. விண்டோஸ் 95 காலத்தில் சுமார் ஆயிரம் எழுத்துருவோடு கதவு சாத்திவிடும். இப்போது அந்தத் தடை இல்லை. ஆனால் மென்பொருள் திறக்கும்போது இன்ஸ்டால் ஆன அத்தனை ஃபாண்டையும் எண்ணிப் பட்டியல் போடுகிறது, மெனுவில் மாதிரி காட்ட ஒவ்வொரு கோப்பாகத் திறந்து வரைகிறது. நேரம் போவது அங்கேதான். எல்லாவற்றையும் விண்டோஸின் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரில் கொட்டாமல் தனி ஃபோல்டரில் வைத்து, நெக்ஸஸ்ஃபாண்ட், ஃபாண்ட்பேஸ் போன்ற ஒரு மேலாளர் வழியாகத் தேவைப்படும்போது மட்டும் எழுப்பலாம். மேலாளர் கோப்பை நகலெடுப்பதில்லை. இருக்கும் இடத்தைக் கணினிக்குச் சொல்லி, இப்போதைக்குப் பட்டியலில் சேர்க்கச் சொல்கிறது. வேலை முடிந்ததும் பெயரை எடுத்துவிடுகிறது. மளிகைக் கடையில் எல்லாச் சரக்கையும் கல்லாவில் கொட்டி வைக்க மாட்டார்களே, அதே கணக்கு.

வேலை முடிந்த கோப்போடு அதில் பயன்பட்ட ஃபாண்டையும் ஒரே ஃபோல்டரில் போட்டு வைக்கும்படி நண்பரிடம் சொன்னேன். “பிடிஎஃப் எடுத்து வைக்கிறேனே, அதுலதான் ஃபாண்ட் உள்ளேயே இருக்கே” என்றார். இருக்கிறது. ஆனால் பிடிஎஃப் பெரும்பாலும் முழு எழுத்துருவை உள்ளே வைப்பதில்லை. அந்தப் பக்கத்தில் வந்த வடிவங்களை மட்டும் கிள்ளி வைத்துக்கொள்ளும். அக்கா பத்திரிகையில் எங்கேயும் ‘ஷ்’ வராமல் இருந்து, இப்போது மாப்பிள்ளை பெயர் சதீஷ் என்றால், மறுபடியும் பாமினியைத் தேடிக் கிளம்ப வேண்டியதுதான்.